பூட்டுக்கொரு சாவியா, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியா: முடிவிலிச் சந்தேகங்களுக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பவை ஐந்து கேள்விகள். இயல் எண்கள் முடிவில்லாமல் போகின்றன என்றால் அவற்றுள் முடிவில்லாத இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றாவது இருக்க வேண்டாமா? இரட்டை எண்களும் எல்லா எண்களும் ‘சம அளவு’ என்பது ஏமாற்று வேலை இல்லையா? தசமமாக எழுதக்கூடிய எல்லா எண்களையும் (மெய்யெண்களை) பட்டியலிட முடியாது என்று காட்டும் கணிதவியலாளர் கான்டரின் மூலைவிட்ட வாதத்தில், விடுபட்ட எண்ணைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் உண்டு என்று காட்டிய தர்க்கவியலாளர் கோடெல் வந்தபின் கணிதமும் ஒரு நம்பிக்கைதானே? கடைசியாக, ∞ + 1 = ∞ என்றால் இரு பக்கமும் ∞-ஐக் கழித்து 1 = 0 என்று காட்டிவிடலாமே?

முடிவில்லாத அறைகள் கொண்ட விடுதி பற்றிய கணிதவியலாளர் ஹில்பர்ட்டின் கதையை நீங்கள் ஏற்கெனவே நாலு இடத்தில் கேட்டிருப்பீர்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் குறைந்தது மூன்றுக்கு வேர் ஒன்றுதான், அது முடிவிலியில் இல்லை. இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு.’ ‘ஒரு சாவி உண்டு, அது ஒவ்வொரு பூட்டையும் திறக்கும்.’ சொற்கள் ஏறக்குறைய அவையேதான், வரிசைதான் மாறியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் பூட்டை நீங்கள் காட்டிய பிறகு நான் சாவியைத் தேடிக் கொடுக்கிறேன். இரண்டாவதில் சாவியை முதலிலேயே மேசைமேல் வைத்துவிட வேண்டும். பிறகு நீங்கள் எந்தப் பூட்டைக் கொண்டுவந்தாலும் அது திறந்தாக வேண்டும். இரண்டாவது உண்மையானால் முதலாவதும் உண்மை. முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. தர்க்கம் கற்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே படிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், முடிவிலி என்ற சொல் வந்ததும் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தவன்தான், அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் கேள்விக்கு இதை வைத்துப் பார்ப்போம். நீங்கள் எவ்வளவு நீளம் கேட்டாலும் அதைவிட நீளமான இயல் எண் ஒன்றை என்னால் எழுத முடியும். நூறு இலக்கமா, நூற்றொரு இலக்க எண் தருகிறேன். கோடி இலக்கமா, கோடியே ஒன்று. இது பூட்டுக்கொரு சாவி. நீங்கள் கேட்பதோ எல்லா நீளங்களையும் தாண்டிய ஒற்றை எண். அப்படி ஒன்று இல்லை என்பதை நிறுவுவதும் எளிது: 0-க்கு ஒரே ஓர் இலக்கம், முடிவுள்ள இலக்கங்கள் கொண்ட எண்ணோடு 1 கூட்டினால் மிஞ்சிப்போனால் ஓர் இலக்கம் கூடும், அவ்வளவுதான். இயல் எண்கள் எல்லாமே 0-இலிருந்து ஒவ்வொரு முறையும் 1 கூட்டி வந்தடைபவை. ஆகவே ஒவ்வொன்றும் முடிவுள்ள நீளம் கொண்டது. எண்களின் நீளத்துக்கு வரம்பு இல்லை, ஆனால் எந்த எண்ணின் நீளமும் முடிவில்லாதது அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் கரைந்துவிடும்.

0.999… = 1 என்ற பழைய சண்டையும் இதே இடத்தில்தான் மூள்கிறது. ‘0.9, 0.99, 0.999 என்று எவ்வளவு போனாலும் 1-ஐத் தொடாதே’ என்பார்கள். சரிதான், அந்த வரிசையில் எதுவும் 1 இல்லை. ஆனால் 0.999… என்ற குறியீடு அந்த வரிசையில் ஓர் உறுப்பின் பெயர் இல்லை, வரிசையின் எல்லைக்கு வைத்த பெயர். எவ்வளவு சிறிய இடைவெளியை நீங்கள் சொன்னாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வரிசை 1-க்கு அதைவிட நெருக்கத்தில் வந்து அங்கேயே தங்கிவிடும். ‘எல்லை 1’ என்பதன் பொருள் இது மட்டுமே. நடந்து களைத்துக் கடைசியில் சேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

இரட்டை எண் கேள்விக்கு வேர் வேறு. அங்கே சிக்கல் ‘சமம்’ என்ற சொல்லில். 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ இதைத் தொட்டிருக்கிறார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வர்க்கம் உண்டு: 1-க்கு 1, 2-க்கு 4, 3-க்கு 9. ஆகவே எண்கள் எத்தனையோ வர்க்கங்களும் அத்தனை. ஆனால் 2, 3, 5 போன்ற பல எண்கள் வர்க்கங்களே அல்ல. எனவே வர்க்கங்கள் குறைவு. இரண்டு முடிவுகளும் நியாயமாகத் தெரியவே, ‘சமம், அதிகம், குறைவு’ என்ற சொற்கள் முடிவில்லாதவற்றுக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். கோழைத்தனமான முடிவு என்று இதைச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை; அன்றைக்கு அதுவே நேர்மையான பதில்.

கான்டர் செய்தது ஒரு தேர்வு. முடிவுள்ள குவியல்களில் ‘சம அளவு’ என்பதற்கு இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்தால் மிச்சம் வராது என்பது ஒன்று, ஒன்று மற்றொன்றின் பகுதியாக மட்டும் இருக்காது என்பது இன்னொன்று. முடிவில்லாதவற்றில் இந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன, ஏதாவது ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொள்ள முடியும். கான்டர் ஜோடி சேர்ப்பதை எடுத்துக்கொண்டார். அவர் நண்பரான கணிதவியலாளர் டெடகிண்ட் 1888-இல் ஒரு படி மேலே போய், தன் பகுதி ஒன்றோடேயே ஜோடி சேர்த்துக்கொள்ளக்கூடிய கணம் (பொருள்களின் தொகுப்பு) எதுவோ அதுவே முடிவில்லாத கணம் என்று வரையறையாகவே வைத்துவிட்டார். முரண் என்று கலிலியோவை நிறுத்திய பண்பே வரையறை ஆகிவிட்டது.

‘ஆனால் இரட்டை எண்கள் பாதிதானே’ என்ற உங்கள் உள்ளுணர்வும் தவறில்லை. முதல் 100 எண்களில் 50, முதல் 1000-இல் 500 என்று விகிதம் பாதியிலேயே நிற்கிறது; இதற்கு அடர்த்தி என்று பெயர், எண் கோட்பாட்டில் அன்றாடம் புழங்கும் அளவு அது. அடர்த்தியால் அளந்தால் பாதி. உட்கணமா (ஒன்று மற்றொன்றின் பகுதியா) என்று பார்த்தால் குறைவு. ஜோடி சேர்த்தால் சமம். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை, ஒன்றையொன்று மறுக்கவில்லை. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் ‘சமமா இல்லையா’ என்று மோதிக்கொள்பவர்கள் எடையில் பெரிதா உயரத்தில் பெரிதா என்று சொல்லாமல் ‘எது பெரிது’ என்று மோதுகிறார்கள். உங்களுக்கு ஆறுதலாக ஒன்று: ஒரு கோட்டுத் துண்டில் உள்ள புள்ளிகளையும் ஒரு சதுரத்தில் உள்ள புள்ளிகளையும் ஜோடி சேர்க்க முடியும் என்று கண்டுபிடித்தபோது கான்டரே 1877-இல் டெடகிண்டுக்கு எழுதிய கடிதத்தில், ‘பார்க்கிறேன், ஆனால் நம்ப முடியவில்லை’ என்றுதான் எழுதினார்.

இனி மூலைவிட்டம். இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். தர்க்கத்தில் இவ்வளவு சிறிய வாதத்துக்கு இவ்வளவு எதிரிகள் வேறெங்கும் கிடையாது. வில்ஃப்ரிட் ஹாட்ஜஸ் என்ற தர்க்கவியலாளர், ஆய்விதழ் ஆசிரியராகத் தன்னிடம் வந்துசேர்ந்த ‘கான்டர் மறுப்பு’க் கட்டுரைகளை ஆராய்ந்து 1998-இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

கான்டர் மெய்யெண்களைப் பட்டியலிட முடியாது என்பதை 1874-இலேயே வேறு வழியில் நிறுவிவிட்டார். மூலைவிட்ட வழி 1891-இல் வந்தது. 0-க்கும் 1-க்கும் இடையிலான மெய்யெண்களின் பட்டியல் ஒன்றை நீங்கள் கொடுக்கிறீர்கள். முதல் எண் 0.1415…, இரண்டாவது 0.2500…, மூன்றாவது 0.3333…, நான்காவது 0.7182… என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என்று மூலைவிட்டமாக இறங்கினால் 1, 5, 3, 2 கிடைக்கின்றன. என் விதி இது: அங்கே 5 இருந்தால் 4 எழுதுவேன், வேறு எது இருந்தாலும் 5 எழுதுவேன். கிடைப்பது 0.5455… இந்த எண் உங்கள் முதல் எண்ணோடு முதல் இலக்கத்தில் வேறுபடும், இரண்டாவதோடு இரண்டாவதில் வேறுபடும், நூறாவதோடு நூறாவதில். ஆகவே பட்டியலில் எங்கும் இல்லை. 4, 5 என்று பொறுக்கியெடுத்ததற்குக் காரணம் உண்டு. 0.5000…, 0.4999… என்று ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்து வடிவம் வரும் தொல்லை 0-உம் 9-உம் புகும்போதுதான். என் எண்ணில் அவை இரண்டும் வராது.

‘அந்த எண்ணைப் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டால்?’ சேருங்கள். இப்போது உங்கள் கையில் வேறொரு பட்டியல் இருக்கிறது. அதற்கு வேறொரு விடுபட்ட எண்ணை நான் தருவேன். பூட்டை மாற்றினீர்கள், சாவியும் மாறியது. கான்டர் ‘எல்லாப் பட்டியலிலும் விடுபடும் எண் ஒன்று உண்டு’ என்று எங்கும் சொல்லவில்லை. அப்படி ஓர் எண் கிடையவே கிடையாது. எந்த எண்ணை நீங்கள் காட்டினாலும் அதை முதல் வரியில் வைத்து ஒரு பட்டியல் எழுதிவிடலாம். அவர் சொன்னது ‘ஒவ்வொரு பட்டியலிலும் ஏதோ ஓர் எண் விடுபடும்’ என்பதே. உங்கள் மறுப்பு அவர் சொல்லாத வாக்கியத்தை மறுக்கிறது.

இன்னொரு தவறான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பாடநூல்கள் இதை முரண்பாட்டு நிறுவலாக எழுதுகின்றன: ‘முழுப் பட்டியல் இருப்பதாகக் கொள்வோம், முரண்பாடு வருகிறது, ஆகவே இல்லை.’ இப்படி எழுதுவதால்தான் படிப்பவருக்கு ஏதோ கண்கட்டு வித்தை என்ற சந்தேகம் வருகிறது. தேவையே இல்லை. பட்டியல் முழுமையானது என்று எங்கும் எடுத்துக்கொள்ளாமலே வாதம் ஓடும்: ஏதாவது ஒரு பட்டியலைக் கொடுங்கள், அதில் இல்லாத எண்ணை இதோ செய்து தருகிறேன். இது நேரடியான கட்டுமானம். கற்பிப்பவர்கள் இப்படிச் சொல்லத் தொடங்கினாலே பாதி மறுப்புகள் எழாது என்பது என் எண்ணம்.

என் கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மாணவனாக இருந்தபோது கான்டரை வீழ்த்திவிட்டதாக இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன். இயல் எண்ணைத் திருப்பி எழுதித் தசமப் புள்ளிக்குப் பின்னால் போடுவது என் யோசனை: 1-க்கு 0.1, 2-க்கு 0.2, 10-க்கு 0.01, 352-க்கு 0.253. எந்தத் தசமமும் ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும்! மூன்றாம் நாள் நண்பன் ஒருவன் ஒரே கேள்வி கேட்டான்: ‘மூன்றில் ஒரு பங்கு எத்தனையாவது வரியில் இருக்கிறது?’ 0.333…-ஐத் திருப்பினால் முடிவில்லாத 3-கள் கொண்ட ‘இயல் எண்’ வேண்டும். அப்படி ஓர் எண் இல்லை என்று மேலே பார்த்தோம். என் பட்டியலில் இருந்தவை முடிந்துபோகும் தசமங்கள் மட்டுமே. 1/3 என்ற சாதாரணப் பின்னம்கூட இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு எல்லா மெய்யெண்களையும் பிடித்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். கிளை கிளையாகப் பிரியும் மரம் வரைந்து ‘எல்லாத் தசமங்களும் இதில் இருக்கின்றன’ என்பவர்களின் தவறும் இதுவே: கிளை பிரியும் புள்ளிகளைப் பட்டியலிட முடியும், முடிவில்லாத பாதைகளைப் பட்டியலிட முடியாது. யாராவது புதிய பட்டியலோடு வந்தால் முதலில் 1/3-இன் விலாசத்தைக் கேளுங்கள். பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

இதே வாதம் விகிதமுறு எண்களையும் (பின்னமாக எழுதக்கூடிய எண்களையும்) ‘பட்டியலிட முடியாது’ என்று காட்டிவிடாதா என்று கூர்மையானவர்கள் கேட்பார்கள். விகிதமுறு எண்களைப் பட்டியலிட முடியும். பின்னத்தின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டி வரும் தொகையின்படி 1/1, பிறகு 1/2, 2/1, பிறகு 1/3, 3/1 என்று போனால் 0-ஐவிடப் பெரியவை எதுவும் தப்பாது. அந்தப் பட்டியலில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்டவற்றை மட்டும் எடுத்து மூலைவிட்டத்தை ஓட்டினால் ஓர் எண் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அது விகிதமுறு எண் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பட்டியலில் எல்லா விகிதமுறு எண்களும் இருப்பதால் அது கட்டாயம் விகிதமுறா எண்தான். வாதம் தோற்கவில்லை, விகிதமுறா எண் ஒன்றைச் செய்து தந்திருக்கிறது.

இதே சூத்திரத்தைத் தசமங்களிலிருந்து கழற்றிப் பொதுவாக்கினால், எந்தக் கணத்தையும்விட அதன் உட்கணங்களின் கணம் பெரியது என்று வரும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உட்கணத்தை ஒதுக்குங்கள். தனக்கு ஒதுக்கிய உட்கணத்தில் தான் இல்லாத உறுப்புகளை எல்லாம் திரட்டினால், அந்தத் திரட்டு யாருக்கும் ஒதுக்கப்படாத உட்கணம். ஆக முடிவிலிகளின் அளவுகளுக்கும் உச்சம் இல்லை. ‘எல்லாக் கணங்களின் கணம்’ என்ற ஒன்றின்மேல் இதைப் பிரயோகித்துப் பார்த்த தர்க்கவியலாளர் ரஸ்ஸல் 1901-இல் தன் பெயரால் வழங்கும் முரண்பாட்டில் போய் விழுந்தார்: தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தின் கணம் தன்னை உறுப்பாகக் கொள்ளுமா? 1902-இல் அவர் இதைக் கடிதமாக எழுதியபோது எண்கணிதத்தைத் தர்க்கத்தின்மேல் கட்ட முயன்ற ஃப்ரெகெயின் நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தது. அந்த நூலின் அடித்தளத்தையே அந்தக் கடிதம் ஆட்டிவிட்டது. கணம் என்று எதை வேண்டுமானாலும் அழைக்கக் கூடாது, எவற்றை அழைக்கலாம் என்று அடிகோள்கள் (நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதிகள்) வேண்டும் என்ற நிலைமைக்கு இது தள்ளியது. 1908-இல் கணிதவியலாளர் ஜெர்மெலோ அடிகோள்களின் பட்டியல் ஒன்றைத் தந்தார். பின்னால் திருத்தப்பட்டு இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் ‘முடிவில்லாத கணம் ஒன்று உண்டு’ என்பது தனி அடிகோள். ஏன் தனியாக? மற்ற அடிகோள்களிலிருந்து அதை வருவிக்க முடியாது. முடிவுள்ள கணங்கள், அவற்றின் கணங்கள், அவற்றின் கணங்கள் என்று முடிவுள்ளவற்றை மட்டும் கொண்ட உலகத்தில் மற்ற அடிகோள்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கின்றன, இது ஒன்றைத் தவிர. அரிஸ்டாட்டில் காலந்தொட்டு நடக்கும் விவாதத்தின் முடிச்சு இங்கேதான். ‘ஒவ்வோர் எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் உண்டு’ என்று அவர் ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே பொருளாகக் கட்டி மேசைமேல் வைப்பதை மறுத்தார். முதலாவது பூட்டுக்கொரு சாவி. இரண்டாவது, எல்லா எண்களையும் தன்னுள் அடக்கிய ஒரே பொருள். முதலிலிருந்து இரண்டாவதுக்குத் தர்க்கம் பாலம் போடாது. அடிகோள் அந்தத் தாண்டலை வெளிப்படையாக எடுத்து வைக்கிறது. அதை ஏற்க மறுப்பவரை ‘அறியாதவர்’ என்பது தவறு. ஏற்றுக்கொண்ட பின் வரும் முடிவுகளை ‘அபத்தம்’ என்பதும் தவறு.

இன்னும் கடுமையாக மறுத்தவர் டச்சுக் கணிதவியலாளர் ப்ரௌவர். ஒரு பொருள் ‘உண்டு’ என்றால் அதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. ஓர் உதாரணம்: விகிதமுறா எண் ஒன்றை விகிதமுறா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண்ணைப் பெற முடியுமா? √2-ஐ √2 அடுக்குக்கு உயர்த்துங்கள். விடை விகிதமுறு எண்ணானால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அந்த விடையை மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்தினால் 2 வருகிறது; அப்போதும் முடிந்தது. ஆக, முடியும். ஆனால் எந்த ஜோடி? வாதம் அதைச் சொல்லவில்லை. ‘ஒன்று இது, இல்லையேல் அது’ என்ற விதியை முடிவிலிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டாதே என்றார் ப்ரௌவர். (இரண்டாவது ஜோடிதான் என்பது 1934-இல் கெல்ஃபான்ட், ஷ்னைடர் ஆகியோரின் தேற்றத்தால் தெரிந்தது.) ஹில்பர்ட்டுக்கும் அவருக்கும் இடையே மூண்ட பகை, 1928-இல் ஒரு முன்னணிக் கணித இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து ப்ரௌவரை ஹில்பர்ட் நீக்கும் அளவுக்குப் போனது. சான்று என்ற சொல்லுக்காக மனிதர்கள் இவ்வளவு சண்டை போடுவார்களா என்றால், போட்டிருக்கிறார்கள். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: மேலே சொன்ன மூலைவிட்டம், இலக்கம் இலக்கமாகச் செய்துகாட்டும் வேலை என்பதால், ப்ரௌவரின் கட்சியிலும் அதற்கு இடம் உண்டு.

கோடெலுக்கு வருகிறேன். அவர் பெயரில் எதிரெதிராக ஒலிக்கும் இரண்டு தேற்றங்கள் இருப்பது குழப்பத்துக்குப் பெரிய காரணம். 1929-இல் தன் ஆய்வேட்டில் அவர் நிறுவியது நிறைவுத் தேற்றம்: சில அடிகோள்கள் உண்மையாக இருக்கும் எல்லா உலகங்களிலும் ஒரு கூற்று உண்மையானால், அந்த அடிகோள்களிலிருந்து அதற்கு நிறுவல் உண்டு. அதாவது தர்க்க விதிகளில் ஓட்டை இல்லை. 1931-இல் வெளிவந்தது நிறைவின்மைத் தேற்றம்: முரணற்றதும், இயந்திரகதியில் சரிபார்க்கக்கூடியதும், போதுமான எண்கணிதம் உள்ளதுமான எந்த அடிகோள் தொகுப்பிலும், நிறுவவும் முடியாத மறுக்கவும் முடியாத கூற்று ஒன்று இருக்கும். ‘போதுமான’ என்பதைக் கவனியுங்கள். கூட்டல் மட்டும் உள்ள எண்கணிதத்தில் எல்லாக் கூற்றையும் தீர்த்துவிடலாம் என்று 1929-இல் ப்ரெஸ்பர்கர் காட்டினார்.

‘என்றென்றும் நிறுவ முடியாத உண்மை’ என்று இதைப் பரப்புகிறார்கள். மறுபடியும் பூட்டும் சாவியும்தான். ஒவ்வொரு தொகுப்புக்கும் அதற்கு எட்டாத ஒரு கூற்று உண்டு என்பதே தேற்றம். எந்தத் தொகுப்புக்கும் எட்டாத ஒரே கூற்று உண்டு என்று அது சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூற்றையே அடிகோளாகச் சேர்த்துக்கொள்ளலாம், புதிய தொகுப்புக்குப் புதிய கூற்று வரும். மூலைவிட்டத்தில் நீங்கள் எண்ணைச் சேர்த்த கதையேதான். தற்செயல் இல்லை, கோடெலின் நிறுவலுக்குள்ளே ஓடுவதும் மூலைவிட்டமே.

கையில் பிடிக்கக்கூடிய உதாரணம் குட்ஸ்டீன் வரிசை. 4-ஐ எடுத்து 2-இன் அடுக்குகளாக எழுதுங்கள்: 2². எல்லா 2-களையும் 3-ஆக்கி 1 கழியுங்கள்: 27 − 1 = 26. அதை 3-இன் அடுக்குகளாக எழுதி 3-களை 4-ஆக்கி 1 கழித்தால் 41. அடுத்தது 60, பிறகு 83. (அடுக்கில் உள்ள எண்களையும் அதே அடிமானத்தில் எழுதி மாற்ற வேண்டும் என்பது விதி.) ஏறிக்கொண்டே போவதுபோல் தெரிகிறது. ஆனால் எந்த எண்ணில் தொடங்கினாலும் வரிசை கடைசியில் 0-க்கு வந்துவிடும் என்று 1944-இல் குட்ஸ்டீன் நிறுவினார். 4-இல் தொடங்கினால் பிடிக்கும் படிகளின் எண்ணிக்கையை எழுதவே 12 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். 1982-இல் கிர்பியும் பாரிஸும் காட்டியது: ‘எல்லா எண்களுக்கும் வரிசை முடியும்’ என்ற கூற்றை, எண்கணிதத்துக்கான வழக்கமான பியானோ அடிகோள்களால் நிறுவ முடியாது. ஆனால் 4-க்கு முடியும் என்பதற்கு அதே அடிகோள்களில் நிறுவல் உண்டு. 5-க்கும் உண்டு. எந்த எண்ணை நீங்கள் சொன்னாலும் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறுவல். எல்லா எண்களுக்கும் சேர்த்து ஒரே நிறுவல் இல்லை. எனக்குத் தெரிந்து பூட்டு, சாவி பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களின் வேறுபாடு இவ்வளவு அப்பட்டமாக வெளிப்படும் இடம் வேறில்லை. குட்ஸ்டீன் எப்படி நிறுவினார் என்றால், முடிவிலியைத் தாண்டிச் செல்லும் வரிசையெண்களை (கடைசிக் கேள்வியில் வருகின்றன) துணைக்கு அழைத்தார்.

இதனால் கணிதம் நம்பிக்கை ஆகிவிடுமா? ‘இந்த அடிகோள்களிலிருந்து இது வருகிறது’ என்பதை வரி வரியாகச் சரிபார்க்கலாம். கோடெல் அதைத் தொடவே இல்லை, அவருடைய தேற்றமே அப்படிச் சரிபார்க்கப்பட்ட ஒன்றுதான். அடிகோள்களை ஏன் ஏற்க வேண்டும் என்பது வேறு கேள்வி, அது யூக்ளிட் காலத்திலிருந்தே இருக்கிறது. அத்தகைய முரணற்ற தொகுப்பு எதுவும் தன் முரணின்மையைத் தானே நிறுவ முடியாது என்ற இரண்டாம் தேற்றத்தைக் கேட்டுப் பலர் கலங்குகிறார்கள். முரண்பட்ட தொகுப்பு எதையும் நிறுவும், ‘நான் முரணற்றவன்’ என்பதையும் சேர்த்து. திருடன் தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்றுக்கு என்ன மதிப்பு? அதைப் பெற முடியாமல் போனதில் பெரிய இழப்பு இல்லை.

உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் வேறு. இயல் எண்களைவிடப் பெரியதாகவும் மெய்யெண்களைவிடச் சிறியதாகவும் ஓர் அளவு உண்டா? இல்லை என்று கான்டர் 1878-இல் ஊகித்தார். 1900-இல் ஹில்பர்ட் தீர்க்கப்படாதவை என்று தொகுத்த தன் 23 கணக்குகளில் முதலாவதாக இதை வைத்தார். வழக்கமான அடிகோள்களால் ஊகத்தை மறுக்க முடியாது என்று 1940-க்குள் கோடெல் காட்டினார், நிறுவவும் முடியாது என்று 1963-இல் பால் கோஹன் காட்டினார். அடுத்து என்ன என்பதில் வல்லுநர்களே பிரிந்து நிற்கிறார்கள்: இதற்கு விடை உண்டு, நம் அடிகோள்கள்தான் போதவில்லை என்பது ஒரு கட்சி (கோடெல் இதில்), கணங்களின் உலகம் ஒன்றல்ல பல, விடை உலகத்துக்கு உலகம் மாறும் என்பது இன்னொன்று. நான் முதல் கட்சியின் பக்கம் சாய்பவன், ஆனால் அதற்கு என்னிடம் இருப்பது வாதத்தைவிட விருப்பம்தான்.

கடைசிக் கேள்வி, 1 = 0. இரு பக்கமும் ஒன்றையே கழிக்கலாம் என்பது இயல் எண்களுக்கு நிறுவப்பட்ட விதி; ∞ இயல் எண் அல்ல என்பதால் விதி அதற்குச் செல்லாது. எல்லைகளில் வரும் ∞ ‘வரம்பின்றி வளர்கிறது’ என்பதன் சுருக்கெழுத்து, எண்ணே இல்லை. எண்ணாகவே வேண்டும் என்றால் கான்டர் வைத்திருக்கிறார்: வரிசையெண்கள். 1, 2, 3 என்று முடிவில்லாமல் நீளும் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள். அதன் தலையில் ஓர் ஆளை நிறுத்தினால் எல்லோரும் ஓர் இடம் பின்தள்ளப்படுவார்கள், வரிசையின் வடிவம் பழையபடியேதான் இருக்கும். அதே ஆளை எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினால், தனக்கு நேர் முன்னால் யாரும் இல்லாத, ஆனால் முன்னால் முடிவில்லாத பேர் இருக்கும் ஒருவர் வந்துவிடுகிறார். அப்படி ஒருவர் பழைய வரிசையில் இல்லை. ஆகவே 1 + முடிவிலி பழைய முடிவிலியே. முடிவிலி + 1 வேறொன்று. நீங்கள் தொடங்கிய சமன்பாட்டில் 1 எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். அது பின்னால் நிற்கிறது, அங்கே அந்தச் சமன்பாடே பொய்.